டோஹிங் அண்ணனின் குடும்பப் பெயர்

ஊர்க் கல்லறைகள் எல்லாம் இருக்கும் கோல்மாவில் கல் வெட்டும் யீ ஒரு நாள் யூட்லான் அக்காவைப் போனில் கூப்பிட்டு, "என்ன அண்ணி, பேரு முடிவாச்சா இல்லையா? உங்க கல்லு என் கடை வாசல்லயே நிக்குது, வர்றவன் போறவன் எல்லாம் கால இடிச்சுக்கறான்" என்று கேட்டானாம். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து அழுதாள். தையல் பட்டறையில் நாங்கள் இருவரும் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள். விரலில் ஊசி ஏறினாலும் சூப்பர்வைசரைத் திட்டுவாளே தவிரக் கண் கலங்க மாட்டாள். அவள் அழுததைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

சீனர்களான நாங்கள் உயிரோடு இருக்கும்போதே கல் வெட்டி வைத்துவிடுவோம். கணவன் மனைவி இருவர் பெயரும் ஒரே கல்லில், சிவப்பு மையில். போனவர் பெயரில் மட்டும் பிறகு சிவப்பை மாற்றித் தங்க நிறம் பூசுவார்கள். கீழே ஆங்கிலத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் இருக்கும். மேலே எங்கள் எழுத்தில் நிஜப் பெயர் இருக்கும். சான்பிரான்சிஸ்கோவில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இந்த இரண்டும் வேறு வேறு. அந்தக் காலத்தில் சீனர்களுக்கு இந்த நாட்டுக் கதவு சாத்தியிருந்தது. இங்கே குடியுரிமை உள்ளவனின் பிள்ளை என்றால் மட்டும் விடுவார்கள். அதனால் இங்கிருந்து ஊருக்குப் போய்த் திரும்புகிறவன் எல்லாம் தனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று எழுதிவைப்பான். பிறகு அந்த மகனின் இடத்தை வேறொரு வீட்டுப் பையனுக்கு விற்றுவிடுவான். அப்படி வந்தவர்களைக் காகிதப் பிள்ளை என்போம்.

யூட்லான் அக்காவின் கணவர் டோஹிங் அண்ணன் அப்படி வந்தவர். ஸ்டாக்டன் தெருவில் கோழிக்கடை வைத்திருந்த குவான் என்பவரின் மூன்றாவது மகனாகப் பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தார். துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவில் அடைத்து வைத்து, நிஜ மகன்தானா என்று மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி இறங்கினார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கோழி உரித்தார். அவர் கை எப்போதும் வெந்நீரில் வெந்து சிவந்திருக்கும்.

நல்ல மனுஷன்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஆனால் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். கல்யாண விருந்தில் யாராவது, "அண்ணே, உங்க சொந்த ஊர் எது?" என்று பேச்சை எடுத்தால், வாத்துத் தொடையை எடுத்துக் கேட்டவர் தட்டில் வைத்து, "முதல்ல சாப்பிடு, ஊரு எங்கயும் ஓடிடாது" என்பார். ஒரு விருந்தில் என் தட்டிலேயே மூன்று தொடை சேர்ந்துவிட்டது.

காகிதப் பிள்ளைகளில் மற்றவர்கள் எல்லாம் கல்யாணமான பிறகாவது மனைவியிடம் சொல்லிவிட்டார்கள். இவர் சொல்லவில்லை. ஹாங்காங்கில் தரகர் மூலம் நடந்த கல்யாணம். அவர் ஊர்ப் பக்கம் போர்க்காலப் பஞ்சத்தில் காலியாகிவிட்டதாகச் சொன்னார், அவர் பக்கத்தில் யாரும் வரவில்லை. கல்யாணம் முடிந்து ஹோட்டல் அறையில் அவர் புதுப் பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் குவான் வீட்டுப் பாடம். வாசல் எந்தத் திசை, கிணறு எங்கே, மாமியாருக்கு எந்தக் கன்னத்தில் தழும்பு, எல்லாம். அவளையும் இறங்கும்போது தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள் அல்லவா? "உங்க நிஜப் பேரு என்ன?" என்று அவள் அப்போதே கேட்டிருக்கிறாள். "உனக்குத் தெரியாததை உன் வாயிலேர்ந்து யாரும் பிடுங்க முடியாது. எல்லாம் ஓஞ்சப்பறம் சொல்றேன்" என்றாராம். எதுவும் ஓயவில்லை. அறுபதுகளில் அரசாங்கமே உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்றது. ஒருவர் வாயைத் திறந்தால் அதே காகிதத்தில் வந்த மற்ற இருவரும் மாட்டுவார்கள் என்று இவர் போகவில்லை. பிறகு அந்த இருவரும் செத்தும் போனார்கள். அப்போதும் சொல்லவில்லை. அக்கா கோபித்துக்கொள்வாள், பேசாமல் இருப்பாள், தனிப் பாயில் படுப்பாள். அவர் காலையில் கஞ்சி வைத்து எழுப்புவார். அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார். மகளைக் கோழி வாங்க வந்தவள் என்று நினைக்கிறார். நெஞ்சும் சரியில்லை, குளிர்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சோகிங், நான் எந்த வீட்டு மருமகடி?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். "கல்லுல என் பேருக்கு முன்னாலயும் அவர் குடும்பப் பேருதான் வரணும். குவான்னு வெட்டினா அது பொய். குவான் வீட்டுச் செத்தவங்க இவரைச் சேத்துக்க மாட்டாங்க. நிஜ வீட்டுக்காரங்களுக்கு இவர் எங்க இருக்காருன்னே தெரியாது. வருஷா வருஷம் நான் வெக்கிற சோறு யாருக்குப் போகும்? அவரு அங்க அநாதையா நிப்பாரு. நானும் பின்னாலயே போயி அநாதையா நிப்பேன்."

பக்கத்தில் இருந்த அவள் மகள் லொரேனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பள்ளிக்கூட டீச்சர், படித்த பெண். "அம்மா, பழைய இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா சில பேருக்குப் பழசு திரும்பி வருதாம். தீவுல அந்தக் கட்டடத்த இப்ப மியூசியமா வெச்சிருக்காங்க. அப்பாவ ஒரு தரம் கூட்டிட்டுப் போலாம்" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொய் சொல்லிப் பழக்கிய இடத்துக்கே ஒரு மனுஷனை உண்மை வாங்கக் கூட்டிப்போகிறோமே என்று மூன்று பேரில் ஒருத்திக்காவது உறைத்ததா? உறைக்கவில்லை.

அதற்குத் தேவதைத் தீவு என்று பெயர் வைத்தவன் எந்தத் தேவதையைப் பார்த்தானோ. படகில் சைக்கிளோடு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் சாண்ட்விச் தின்றுகொண்டு கும்மாளமாக வந்தார்கள். டோஹிங் அண்ணன் இரண்டு கம்பளிச் சட்டைக்குள் குறுகி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோழி எல்லாம் ஏத்தியாச்சா?" என்று மட்டும் ஒரு தடவை என்னிடம் கேட்டார்.

"ஏத்தியாச்சு அண்ணே. எல்லாம் கீழ் அறையில இருக்கு."

"முட்டை போடுற கோழிய மேல வை."

கரையிலிருந்து மேடேறி, மர வீட்டின் படிக்கட்டில் கால் வைத்ததும் அவர் பேச்சு நின்றது. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். சுவரெல்லாம் அந்தக் காலத்தில் அடைபட்டவர்கள் கத்தியால் செதுக்கிய எழுத்து. வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள். அண்ணன் எதையும் பார்க்கவில்லை. நேராக மூலைக் கட்டிலுக்குப் போய், கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு, அதன் கீழே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். லொரேன் என் கையைப் பிடித்து நசுக்கினாள். "சித்தி, தெரியுது பாருங்க, அவருக்குத் தெரியுது!"

அடுத்த அறையில்தான் அந்த மேஜை. ஒரு பக்கம் அதிகாரியின் நாற்காலி, எதிர்ப்பக்கம் ஒரு மொட்டை நாற்காலி. அங்கே வால்டர் என்று ஒருவர் நின்றிருந்தார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற எங்களவர். சம்பளம் இல்லாமல் வந்து சுற்றிக் காட்டுகிறவர். பழைய அதிகாரிகள் மாதிரி ஒரு தொப்பி வைத்திருந்தார். வருகிறவர்களை மொட்டை நாற்காலியில் உட்கார வைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு நாலு கேள்வி கேட்பார், எல்லோரும் முழிப்பார்கள், சிரிப்பார்கள். லொரேன் அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, "எங்கப்பாவ நம்ம பாஷையில கேளுங்க" என்று கெஞ்சினாள். "எனக்கு அரைகுறையா வரும்மா. எங்கப்பாவும் இதே நாற்காலியில உக்காந்தவர்தான்" என்றார் வால்டர். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

டோஹிங் அண்ணன் சொல்லாமலே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கூன் விழுந்த முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"உன் பேரு?"

"குவான் டோஹிங், ஐயா."

"எத்தனாவது பிள்ளை?"

"மூணாவது."

"வீடு எங்க?"

"ரெண்டாவது வரிசையில. கிழக்க பாத்த வாசல். எதிர் வீடு காலி, கூரை சரிஞ்சிருக்கும்."

"தண்ணி எங்க எடுப்பீங்க?"

"ஊருக்குத் தெக்க கிணறு. பக்கத்துல லிச்சி மரம். மரத்துல மின்னல் விழுந்து பாதி கருகிடுச்சு."

"உங்க அம்மா எப்படி இருப்பாங்க?"

"குட்டையா இருப்பாங்க. இடது கன்னத்துல அம்மைத் தழும்பு. அரிசிப் பானைய அடுப்புக்கு இடப்பக்கம் வெப்பாங்க."

ஆறு மாதமாக ஒரு வாக்கியம் முழுசாகப் பேசாத மனுஷர். ஒரு சொல் தட்டவில்லை. லொரேன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அம்மா! அப்பாக்கு எல்லாம் வந்துடுச்சும்மா! பாட்டி கன்னத்துல தழும்பாம்மா!"

யூட்லான் அக்கா சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"அது உன் பாட்டி இல்லடி. அந்தக் கெணறு, அந்த மரம், எல்லாம் எனக்கும் மனப்பாடம். ஹாங்காங்ல எனக்குச் சொல்லிக் குடுத்தது. எல்லாம் போயி, அந்தப் பாடம் மட்டும் நிக்குது அவருக்குள்ள."

வால்டர் எழுந்துவிட்டார். "மன்னிச்சுக்கங்க அக்கா, நான் வெளாட்டுக்குத்தான்" என்று தடுமாறினார்.

அக்கா அவரிடம் கையை நீட்டினாள். "அந்தத் தொப்பியக் குடுங்க."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"டேய். நீ சொன்ன வீடு பொய்னு எங்களுக்குத் தெரியும். நிஜத்தச் சொன்னா இப்பவே இறக்கி விட்டுடறோம். உன் குடும்பப் பேரு என்ன?"

"குவான், ஐயா."

"பொய்."

"சத்தியமா குவான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"குவான் ஐயா. கோழிக்கடை குவான் வா-யிக் மகன்."

அவள் மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். கட்டில் அறையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, நீ தேறல. உன்னத் திருப்பி அனுப்பறோம். நாளைக்குக் கப்பல். எந்த ஊருல, எந்த வீட்டுல உன்னக் கொண்டு விடணும்? யாரு பேரச் சொல்லிக் கூப்பிடணும்? சொல்லு!"

டோஹிங் அண்ணனின் முகம் உடைந்தது. அந்தப் பெரிய சிவந்த கைகளைக் கூப்பிக்கொண்டு நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தார். பேண்ட் நனைந்துவிட்டது. "அனுப்பாதீங்க ஐயா, அனுப்பாதீங்க, நான் இன்னொரு தரம் சரியாச் சொல்றேன், கெணறு தெக்க, கெணறு தெக்க..."

"அம்மா, போதும்மா! நிறுத்தும்மா!" என்று லொரேன் கத்தினாள். நானும் அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் குரல் மட்டும் அதிகாரி குரலாகவே இருந்தது.

"உன்னப் பெத்தவ யாரு? அவகிட்டத்தான் விடப்போறோம். சொல்லுடா!"

"அங்க விடாதீங்க ஐயா. அம்மாகிட்ட குடுக்க வேற எதுவும் இல்ல. தங்கச்சியக் குடுத்துட்டுத்தான் எனக்கு இந்தப் பேர வாங்கினா."

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அக்கா மேஜையைச் சுற்றி வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். தொப்பி தலையிலேயே இருந்தது. இப்போது குரல் இறங்கிவிட்டது.

"தங்கச்சி பேரு என்னப்பா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"உங்க வீட்டுப் பேரு?"

"தெரியாது ஐயா. மறந்துடுன்னா அம்மா. ஒண்ணு நாக்குல நின்னாக்கூட மாட்டிப்பே, அவள வித்தது வீணாப்போயிடும்னா. கப்பல்ல தெனமும் உக்காந்து மறந்தேன். தூங்கறப்ப வந்துது, எந்திரிச்சு உக்காந்து மறுபடி மறந்தேன். நல்லா மறந்துட்டேன் ஐயா. ஒண்ணு கூட இல்ல. கோழிக்கடை அப்பாகிட்ட நான் தங்கச்சியப் பத்திச் சொன்னதச் சொல்லிடாதீங்க."

அக்கா தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, "குவான் டோஹிங், நீ தேறிட்டே. இறங்கலாம்" என்றாள். அவர் நெற்றி தரையில் படக் குனிந்து அவளுக்கு நன்றி சொன்னார். அதிகாரிக்குச் சொன்னார். பெண்டாட்டி அங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

வால்டர் தன் கோட்டைக் கழற்றி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். திரும்பி வரும் படகில் அண்ணன் தூங்கிவிட்டார்.

"வாழ்நாள் பூரா இவர்கூடச் சண்டை போட்டேனே சோகிங்" என்றாள் அக்கா. "என்கிட்ட மறைக்கிறாரு, என்னை நம்பலன்னு எத்தன நாள் சோறு போடாம படுத்திருக்கேன். மறைக்கிறதுக்கு அவருகிட்ட ஒண்ணும் இல்லடி. வெறும் பானைய வெச்சுக்கிட்டு நான் கேக்கறப்பல்லாம் மூடிய அழுத்திப் பிடிச்சிருக்காரு."

மறுநாளே யீயைக் கூப்பிட்டு, குடும்பப் பெயர் லாவ் என்றாள். அது செத்துப்போன அவள் அப்பாவின் வீட்டுப் பெயர். யீ பதறிப்போனான். "அண்ணி, உங்க வீட்டுப் பேரையா அவருக்குப் போடறது? ஊரு சிரிக்கும்" என்றானாம். ஊர் சிரித்தது. செத்த பிறகு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிற ஒரே ஆள் டோஹிங்தான் என்று டீக்கடையில் பேசினார்கள். நான் டீக்கடையில் அவர்கள் மேஜைக்கே போய் நன்றாகக் கொடுத்துவிட்டு வந்தேன். டோஹிங் என்ற பெயரும் காகிதத்தில் வந்ததுதான். ஆனால் அத்தனை வருஷம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் நாங்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

டாக்டர் சொன்னபடியே குளிர்காலத்தில் போனார். லாவ் டோஹிங் என்ற எழுத்தில் சிவப்பை மாற்றித் தங்கம் பூசினார்கள். அடுத்த வசந்தத்தில், செத்தவர்களுக்குச் சோறு படைக்கும் எங்கள் கல்லறைத் திருநாளுக்கு நான் அக்காவோடு கோல்மாவுக்குப் போனேன். வறுத்த பன்றி, கோழி, சாராயம் எல்லாம் எடுத்து வைத்தாள். கோழிக்கடை வீட்டுப் பேரன் ஒருவனும் வந்திருந்தான், சித்தப்பா முறைக்கு மூன்று தடவை குனிந்து கும்பிட்டான். கல்லைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கி, "ஏன் சின்னம்மா, எங்க பேரு அவருக்குப் போதலையா?" என்று கேட்டான்.

"உங்க பேருக்கு அவரு பதில் சொன்னதெல்லாம் போதும்ப்பா" என்றாள் அக்கா.

சோற்றுக் கிண்ணம் இரண்டு வைத்திருந்தாள். ஒன்று யாருக்கு என்று கேட்டேன். அவர் தங்கைக்காம். "என்ன பேரு சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல. கிண்ணத்தக் காட்டிட்டு 'வா'ன்னு மட்டும் சொன்னேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. எனக்குள்ளே ஒரு கவலை இருந்ததால் கேட்டுவிட்டேன். "அக்கா, இவரு அங்க போயி நிக்கிறப்ப, நீ யாரு, எந்த வீட்டுப் பிள்ளைன்னு உங்கப்பா கேட்டா இவரு என்ன சொல்வாரு? மறுபடியும் குவான், கெணறு தெக்கன்னு ஆரம்பிச்சுடுவாரே?"

அவள் சாராயத்தைக் கல்லின் முன்னால் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பாவுக்குக் காது கேக்காது சோகிங். வந்தவன் யாருன்னு கேக்க மாட்டாரு. சோத்தப் போட்டு உக்கார வெப்பாரு. அந்தப் பொண்ணு வந்தாலும் கேக்க மாட்டாரு."